ஆற்றோரப் பாதையில் தங்கவேலு செத்த கதை

அந்த ஜப்பான் அதிகாரி இடுப்பில் தொங்கிய தண்ணீர்ப் புட்டியை எடுத்தார். மூடியைத் திருகினார். குடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். குடிக்கவில்லை. குனிந்து, எங்கள் பாதையின் நட்டநடுவில் ஊற்றினார்.

தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு இரண்டாகப் பிரிந்து, பாதி இடப்பக்க வாய்க்காலுக்கும் பாதி வலப்பக்க வாய்க்காலுக்கும் ஓடிப் போனது. பாதையில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை.

அதிகாரி நிமிர்ந்து சிரித்தார்.

என் பக்கத்தில் நின்ற மண்டோர் சின்னப்பனும் சிரித்தார். ரயில்வேயில் முப்பது வருஷம் தண்டவாளத்துக்கு மண் போட்ட கூட்டத்துக்குத் தலைவராக இருந்து, சண்டைக்கு முந்திய வருஷம் பென்ஷன் வாங்கியவர். வேலை தெரிந்தவன் தன் வேலையை மெச்சும்போது மனுஷனுக்கு வருகிற சிரிப்பு அது. சிரித்ததோடு நிற்காமல், ‘நான்தான் போட்டது’ என்று சொல்ல வாயையும் திறந்தார்.

நான் அவர் காலை மிதித்தேன்.

என் கக்கத்தில் நீளமான ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் இருபத்து மூன்று ஆண்களின் பெயர்கள், முத்து முத்தான கையெழுத்தில். கையெழுத்து என்னுடையது. அந்த நேரத்தில் என் வயிற்றுக்குள் நடந்ததை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

போன வாரம் எழுதியதைப் படித்த செந்தூல் வாசகர் ஒருவர், “நீங்கள் வாராவாரம் பயந்த கதையையே எழுதுகிறீர்களே, ஒரு வாரமாவது தைரியமாக இருந்ததை எழுதக் கூடாதா?” என்று கேட்டிருக்கிறார். ஐயா, இருந்தால் எழுத மாட்டேனா? வைத்துக்கொண்டா ஒளிக்கிறேன்?

பாலத்தில் வாங்கியது

பாதை எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் ரோட்டுக்குப் போக ஒரு பாலம். பாலத்தின் முனையில் ஒரு சிப்பாய். அவன் முன்னால் நின்று குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். குனிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; வெள்ளைக்காரன் கம்பெனியில் பத்து வருஷம் கணக்கெழுதுகிற கிராணியாக இருந்தவனுக்கு முதுகெலும்பு பழகித்தான் இருந்தது. ஆனால் எவ்வளவு குனிய வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் குனிந்தது போதாது என்று ஓர் அறை. இரண்டாம் நாள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே குனிந்ததற்கு ஓர் அறை. மூன்றாம் நாள் எதற்கு வம்பு என்று நெற்றி முழங்காலில் படுகிற மாதிரி குனிந்தேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து இரண்டு அறை கொடுத்தான்.

பாலத்தைத் தாண்டாமல் இருக்கவும் முடியாது. கம்பெனி மூடிக் கிடந்தது. அரிசிக் கார்டுக்குக் கிடைத்த அரிசி ஒரு வாரத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று நாளில் முடிந்தது. மூன்றாங்கட்டைப் பக்கம், அதாவது கிள்ளான் ரோட்டின் மூன்றாவது மைலில், ஆற்றை ஒட்டிய புறம்போக்கில் எல்லோரும் மரவள்ளி நட்டிருந்தோம். அதைப் பார்க்கப் போக வேண்டும், பிடுங்கி வர வேண்டும். அங்கிருந்து சிலர் உப்புக்கும் கருவாட்டுக்கும் கிள்ளான் வரை நடந்தார்கள்.

ஆற்றோரமாகவே போனால் பாலம் குறுக்கே வராது என்று கண்டுபிடித்தவர் காசிம் நானா. தொண்டியிலிருந்து வந்து எங்கள் தெருவில் காப்பிக் கடை வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் அவர் கடையில் காப்பி என்று கொடுத்தது எதை வறுத்து இடித்தது என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு நாள் முழங்கால்வரை சேறும் கணுக்காலெல்லாம் அட்டையுமாக வந்து நின்றார்.

“போகலாம்லா. ஆளு போற அளவுக்கு வெட்டிட்டா போதும். ஆளுக்கு ஒரு கை போட்டா ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலை.”

இந்த ‘ஆளுக்கு ஒரு கை’ என்ற வார்த்தையை எவனாவது உங்களிடம் சொன்னால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுங்கள்.

ஜப்பான் மணி

கூலி கிடையாது, கட்டாயம் கிடையாது. விருப்பப்பட்டு வருகிறவர்கள் வரலாம். அங்கேயே எல்லாம் கெட்டது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நானா கடை முன்னால் கூடுவது என்று பேச்சு. அப்போது ஜப்பான்காரர் எங்கள் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள்; ஒன்றரை மணி நேரம் முன்னால். எட்டு மணி என்றால் கோழிகூட எழுந்திருக்காது. எங்கள் ஆட்களுக்கு இது எவ்வளவு வசதியாகப் போனது என்று சொல்லி முடியாது.

“எட்டுன்னீங்களே, நம்ம மணியா, ஜப்பான் மணியா?”

“ஜப்பான் மணிதான்யா. இப்ப என்ன மணி தெரியுமா? ஒம்பதரை.”

“நம்ம மணிக்கு எட்டுதானே? சரியாத்தானே வந்திருக்கேன்.”

போகும்போது மட்டும் இவர்களுக்கு ஜப்பான் மணி. பன்னிரண்டு அடித்தால் மண்வெட்டியைப் போட்டுவிடுவார்கள். சூரியன் உச்சிக்கு வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்.

வந்தவர்களும் சும்மா வருவதில்லை, அபிப்பிராயத்தோடு வருவார்கள். இந்தப் புளிய மரத்துக்கு இடப்பக்கம் போக வேண்டும் என்று ஐந்து பேர், வலப்பக்கம் என்று ஆறு பேர். மரத்தையே வெட்டிவிடலாம் என்று ஒருவன். அவன் வீட்டில் விறகு இல்லை.

வாய்க்கால் ஒன்றின் குறுக்கே இரண்டு பலகை போட்டோம். அடுத்த ஞாயிறு பலகை இல்லை. மறுபடி போட்டோம், மறுபடி காணோம். திருடியவன் வெளியாள் இல்லை என்பது நிச்சயம், ஏனென்றால் எங்களைத் தவிர அந்தப் பாதையில் வேறு யாரும் நடக்கவில்லை. அடுப்பில் பலகையை எரித்துவிட்டு, மறுநாள் அதே வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, “பலகையை எவனோ எடுத்துட்டான், பாவிப்பய” என்று திட்டிக்கொண்டே தாண்டிய மகான் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெட்டியது வெட்டியபடி இருந்தாலாவது பரவாயில்லை. லாலாங் புல் இருக்கிறதே, அதை வெட்டுவது அதற்குச் சவரம் செய்து விடுவது மாதிரி. ஒரு வாரத்தில் இன்னும் தெம்பாக வளரும்.

மண்டோரின் ரசமட்டம்

இந்த லட்சணத்தில்தான் மண்டோர் சின்னப்பன் வந்து சேர்ந்தார். ஆறடி உயரம். தேவாலயத்திலிருந்து நேராக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு ரசமட்டத்தோடு. பென்ஷன் வாங்கிய அன்று ரயில்வேக்காரன் மாலை போட்டான், இவர் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் வந்த பிறகு பாதை பாதையாக இல்லை. நடு உயர்ந்து இரண்டு பக்கமும் சரிய வேண்டும். இரண்டு பக்கமும் வாய்க்கால் வேண்டும். வளைவு திடீரென்று வளையக் கூடாது, மெதுவாக வளைய வேண்டும். ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை.

“அண்ணே, மனுஷன் நடக்கத்தானே? இதுல ரயிலா ஓடப் போகுது?”

“மனுஷன் எதுல வேணாலும் நடப்பான், கிராணியாரே. மழை நடந்தா தாங்கணும். மழைக்குத்தான் பாதை போடறோம்.”

சரி என்று விட்டேன். அடுத்த ஞாயிறு ஒரு வாளிச் சுண்ணாம்போடு வந்தார். இருபது தப்படிக்கு ஒரு கல் நட்டு, ஒவ்வொன்றுக்கும் வெள்ளை அடித்தார். யார் கண்ணிலும் படாமல் போய்வர ஒரு பாதை. அதற்குக் கல்யாண வீடு மாதிரி அலங்காரம்.

“அண்ணே, இது ஒளிஞ்சு போற பாதை.”

“ஒளிஞ்சு போனா என்ன? கல்லுன்னு ஒண்ணு நட்டா சுண்ணாம்பு அடிக்காம விடுவாங்களா?”

அந்த மனுஷனுக்கு அதற்கு மேல் விளக்க முடியாது. விளக்க நின்றால் என்னையும் வெள்ளையடித்திருப்பார்.

செக்ரோல்

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

ஆட்கள் வராமல் ஏமாற்றுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு நெஞ்செரிச்சலே வந்துவிட்டது. மண்டோருக்குத் தெரிந்தது சுண்ணாம்பு என்றால் எனக்குத் தெரிந்தது செக்ரோல். தோட்டமோ கம்பெனியோ, வேலைக்கு வந்த ஆளைப் பெயர் போட்டு எழுதுகிற அந்தப் புத்தகம் இல்லாமல் பத்துப் பேர் கூடி வேலை செய்வதை என் கண்ணால் பார்க்க முடியாது. பழைய நோட்டு ஒன்றில் கட்டம் போட்டேன். வந்தவன் பெயருக்கு நேரே ஒரு கோடு; வராதவனுக்கு வெறும் கட்டம். சம்பளம் இல்லாத வேலைக்கு இவன் எதற்கடா செக்ரோல் போடுகிறான் என்று ஒருத்தராவது கேட்டார்களா? இல்லை. கோடு போட்டாயா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

மண்டோருக்கு ஒரு வாரம் பாக்கியில்லாமல் இருபத்தாறு கோடு. தங்கவேலுக்கு இருபத்தாறு வெறும் கட்டம்.

தங்கவேலு என் பக்கத்து வீட்டுக்காரன், என் வயது. லோரி டிரைவர். லோரியை ஜப்பான்காரர் எடுத்துக்கொண்ட பிறகு, கூடத்துப் பாயில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் போய்க் கூப்பிடுவேன். ஒரு வாரம் முதுகு வலி. ஒரு வாரம் பல் வலி. ஒரு வாரம், “நான் வண்டி ஓட்டின ஆளு, எனக்கு இந்த நடைபாதை எல்லாம் ஒத்து வராது” என்றான். ஆனால் அவன் மனைவி ருக்மணி நட்ட மரவள்ளி மூன்றாங்கட்டையில்தான் விளைந்தது. எங்கள் பாதை வழியாகத்தான் பக்கத்து வீட்டுப் பெண்கள் அதைச் சுமந்து வந்து கொடுத்தார்கள்.

வராதவன் பெயரை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நான் விடவில்லை. வாராவாரம் எழுதினேன், அந்த வெறும் கட்டங்கள் வரிசையாக நின்று அவன் மானத்தை வாங்கட்டும் என்று. இவ்வளவுக்கும் அவன் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததுகூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். காட்டுக்குள் ரயில் பாதை போட வேண்டுமாம். மூன்று மாதம்தான், நல்ல சாப்பாடு என்றார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசி வரவில்லை. ஒருவர் திரும்பவும் இல்லை. தோட்டங்களில் லோரியோடு வந்து ஏற்றினார்கள். ஊருக்குள் பெயர் கேட்டு வந்தார்கள். எந்த வீட்டில் வேலை செய்யத் தெரிந்த ஆண்பிள்ளை இருக்கிறான் என்று ஒரு பட்டியல் கிடைத்தால் அவர்களுக்கு அது போதும்.

அந்தப் பட்டியலை நான் கட்டம் போட்டு, பெயர் எழுதி, யார் எத்தனை நாள் ஒழுங்காக வேலை செய்தான் என்பதோடு சேர்த்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இருபத்தாறு வெறும் கட்டம்

அதிகாரி ஆற்று மணல் பார்க்க வந்தவராம். பின்னால் கேள்விப்பட்டது. வந்த இடத்தில் வெள்ளைக் கற்கள் வரிசையாகத் தெரிந்தால் எந்த மனுஷன்தான் பின்தொடராமல் இருப்பான்?

அவரைத் தூரத்தில் கண்டதும் எங்கள் ஆட்கள் இருபது பேரும் லாலாங்குக்குள் மறைந்தார்கள். அந்த வேகத்தில் பாதி வேலையில் காட்டியிருந்தால் பாதை கிள்ளான் கடற்கரைக்கே போயிருக்கும். மண்டோர் ஓடவில்லை, ஏனென்றால் சரிவு இன்னும் சரியாகவில்லை. காசிம் நானா ஓடவில்லை, ஏனென்றால் எங்களுக்காகப் பாதையோரம் மூட்டிய அடுப்பில் வாளித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் ஓடவில்லை, கால் வரவில்லை. நானும் தைரியமாக நின்றதாகச் சிலர் பிற்பாடு பேசினார்கள். நான் மறுக்கவில்லை.

அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பாளர் மலாயில் கேட்டார்.

“இந்தப் பாதையை யார் போட்டது?”

“வெள்ளைக்காரன், துவான். ரொம்பப் பழசு” என்றேன்.

அதிகாரி ஒரு கல்லைத் தொட்டுவிட்டு விரலைக் காட்டினார். சுண்ணாம்பு ஈரம்.

பிறகு என் கக்கத்தைக் காட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். தமிழ் அவருக்குத் தெரியாது. ஆனால் கட்டமும் கோடும் எந்த ஊரிலும் கட்டமும் கோடும்தான். அவரும் ரயில் பாதைக்கு எஞ்சினியராம், அதுவும் பின்னால் கேள்விப்பட்டதுதான். செக்ரோலைப் பார்த்த கண் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியாதா?

“வேலையாட்களா?”

“இல்லை, துவான்” என்றேன். அதற்கு மேல் என்ன சொல்லப் போகிறேன் என்பதை, சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அவரோடு சேர்ந்துதான் கேட்டேன். “காய்ச்சல்காரர்கள். மலேரியா. ஒருவருக்குக் குளிர் கண்ட வாரம் ஒரு கோடு போடுவோம்.”

அதிகாரி முதல் வரியைப் பார்த்தார். இருபத்தாறு கோடு.

“இது யார்?”

நான் மண்டோரைக் காட்டினேன். கையில் கடப்பாரையோடு, கோயில் தூண் மாதிரி நின்றார்.

“இருபத்தாறு வாரம் காய்ச்சல் கண்டும் இவர் எப்படி இப்படி இருக்கிறார்?”

பதில் சொன்னது காசிம் நானா. “இஞ்சித் தண்ணி, துவான். நான்தான் குடுக்கறேன்.”

அதிகாரி ஒரு அடி பின்வாங்கினார். கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். சயாமுக்கு அவருக்கு வேண்டியது ஆரோக்கியமான ஆள். இந்தப் புத்தகம் முழுக்கக் குளிர் காய்ச்சல். மூடிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் மூடவில்லை. பக்கத்தின் அடியில், வெறும் கட்டங்கள் வரிசையாக நின்ற இடத்தில் விரலை வைத்தார்.

“இவனுக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் இல்லை. நல்ல உடம்பு. நாளைக்கு இவனைக் கொண்டு வா.”

காய்ச்சலைக் கண்டுபிடித்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை? வேலைக்கு வந்தவனை எல்லாம் நோயாளியாக்கினால், வராதவன் பயில்வானாகிவிடுவான் என்று ஒரு கிராணிக்குத் தெரிய வேண்டாமா?

“அவர் செத்துட்டார், துவான்.”

பக்கத்தில் மண்டோர் தமிழில் முணுமுணுத்தார். “யாரு, தங்கவேலா? நேத்து வாசல்ல உட்கார்ந்து சுருட்டு குடிச்சிட்டிருந்தானே.”

இரண்டாவது தடவை மிதித்தேன். இந்தத் தடவை குதிகாலால்.

“செத்தவன் பெயர் ஏன் இன்னும் இருக்கிறது?” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“பெயரை அடிக்க மேலிடத்து உத்தரவு இன்னும் வரவில்லை.”

மொழிபெயர்த்ததும் அதிகாரி மெல்லத் தலையாட்டினார். உலகத்தில் எந்த ஆபீசிலும் இந்தப் பதிலுக்கு மறு கேள்வி கிடையாது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தங்கவேலுவின் பெயரைக் குறுக்கே கோடிட்டார். ஒரு சின்ன முத்திரையை எடுத்துப் பக்கத்தில் குத்தினார். சிவப்பு மை. அந்தத் தாளைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டார்.

“இறந்தவனின் அரிசிக் கார்டை அவன் மனைவி நாளைக்கு மூன்றாங்கட்டை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். அவளே வர வேண்டும்.”

செத்தவனுக்குச் சொல்லப் போனேன்

தங்கவேலு கூடத்தில் பாயில் சாய்ந்திருந்தான்.

“தங்கவேலு, ஒரு விஷயம். நீ செத்துட்டே.”

கொஞ்சம் யோசித்தான். “எப்போ?”

“இன்னைக்குக் காலையில. பத்து மணி இருக்கும்.”

“ஜப்பான் மணிக்கா, நம்ம மணிக்கா?”

“உன்னை அந்த ஆளு கையிலயே குடுத்திருக்கணும்.”

நடந்ததைச் சொன்னேன். சயாம் என்றதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ருக்மணி அடுப்படியிலிருந்து வந்து வாசற்படியில் நின்று முழுவதையும் கேட்டாள். கையில் பாதி தோலுரித்த கிழங்கு. கத்தியையும் கீழே வைக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

“கிராணியாரே, ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் காய்ச்சல் குடுத்தீங்க. இவருக்கு ஒரு கோடு போட்டிருந்தா உங்க பேனா தேஞ்சா போயிருக்கும்?”

“வராத ஆளுக்கு எப்படித் தங்கச்சி கோடு போடறது?”

“வராத ஆளு பேரை எதுக்கு எழுதினீங்க?”

நான் தங்கவேலு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“சரி, செத்துட்டேன், விடு. கார்டைக் குடுத்துட்டா முடிஞ்சது” என்றான் தங்கவேலு. “அரிசி போகுது. கிழங்கு இருக்குல்ல?”

“அவ போய்க் குடுக்கணும்டா.”

“போய்க் குடுத்துட்டு வரட்டும். இவளுக்கு நடக்கத் தெரியாதா?”

ருக்மணி அவனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவனுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. மூன்றாங்கட்டை ஆபீசில் கார்டு வாங்குகிறவர் நம்ம ஆள், தமிழர். நெற்றியில் பொட்டும் கையில் வளையலுமாகப் போய் நின்று என் புருஷன் செத்துட்டான் என்றால், அவர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

தங்கவேலுவின் கை தானாகத் தன் சட்டையில்லாத மார்பைத் தடவியது. “அது வேணாம்” என்றான். “உசிரோட இருக்கிறவனுக்கு அது ஆகாது. வேற ஏதாச்சும் சொல்லு, கிராணி. உனக்குத்தான் பொய் வருமே.”

எத்தனையோ பொய் யோசித்தேன். கார்டு தொலைந்துவிட்டது என்றால் தேடி வருவார்கள். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றாலும் தேடி வருவார்கள். வந்தால் இவன் பாயில் இருப்பான். டெங்கில் பக்கம் ஏதாவது தோட்டத்தில் போய் ஒளியட்டும் என்று பார்த்தால், ஆள் பிடிப்பதே அங்கேதான்.

ருக்மணி கத்தியைக் கீழே வைத்தாள். “காலையில வாங்க, அண்ணே. எனக்கு ஆபீசு தெரியாது” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மூன்றாங்கட்டை வரை

அவள் அந்தப் பாதையில் நடந்தது அதுதான் முதல் தடவை. நான் முன்னால், அவள் பத்து அடி பின்னால். வழி முழுக்க நான் பேசிக்கொண்டே போனேன். பயந்தால் எனக்கு வாய் நிற்காது. அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

“நல்லாத்தான் போட்டிருக்காங்க.”

பாதி வழியில், பலகை காணாமல் போகிற அந்த வாய்க்கால் பக்கம், “அண்ணே, அந்தப் பக்கம் திரும்புங்க” என்றாள்.

திரும்பினேன். எதிரே புளிய மரம். வளையல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று முந்தானைக்குள் போகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம். அவள், “போலாம்” என்றபோது நான் திரும்பிப் பார்க்காமலே நடந்தேன்.

வளைவைத் தாண்டினால் மண்டோரும் ஏழெட்டுப் பேரும் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை! ஞாயிற்றுக்கிழமையே வராதவர்கள். எல்லோருக்கும் விஷயம் தெரியும். தங்கவேலு கிழங்கு தின்றுகொண்டிருப்பதும் தெரியும். இருந்தும் ருக்மணியின் வெறும் நெற்றியைப் பார்த்ததும் மண்வெட்டிகள் நின்றன. வழியை விட்டு இரண்டு பக்கமும் வாய்க்காலுக்குள் இறங்கி நின்றார்கள். மண்டோர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அழுகை வந்தாலும் எனக்கு எரிச்சல் மாதிரிதான் வரும்.

ஆபீசில் கார்டு வாங்குகிற தமிழர் நிமிர்ந்து பார்த்தார். உடனே கண்ணைத் தாளில் போட்டுக்கொண்டார். “இங்க கைநாட்டு வைங்கம்மா” என்றார். ருக்மணியின் விரல் மைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அவரே பிடித்து வைத்தார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதில் நடிப்பு ஒன்றும் இல்லை.

உள் அறையிலிருந்து வந்த அந்த அதிகாரி அவளைப் பார்த்தார். நின்றார். தொப்பியைக் கழற்றினார். உள்ளே போய்விட்டார்.

தாழ்

வரும் வழியில் வாய்க்கால் பக்கம் நான் நின்றேன். வீட்டுக்குப் போகுமுன் பொட்டு வைத்துக்கொள்வாள் என்று. அவள் நிற்கவில்லை. தண்ணீரைத் தாண்டி, எனக்கு முன்னால் நடந்து போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

தங்கவேலு கதவு திறந்த சத்தத்துக்குத் தலையைத் தூக்கினான். அவளைப் பார்த்தான்.

பாயிலிருந்து எழுந்தான். அவன் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டான். பொத்தான் ஒன்று மாறி மாட்டியது. அவிழ்த்து மறுபடி மாட்டினான்.

“எங்க போறீங்க?” என்றாள் ருக்மணி.

“மூணாங்கட்டைக்கு. நான் உசிரோடதான் இருக்கேன்னு சொல்லப் போறேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் சயாமுக்கு. எத்தனையோ பேரு போறான்.” அவன் அவள் நெற்றியைப் பார்க்காமல் அவள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு சொன்னான். “நீ இப்படி வந்து நிக்கிறதைப் பார்த்துக்கிட்டு என்னால உட்கார்ந்திருக்க முடியாது. வழி விடு.”

அவள் வழி விடவில்லை. கதவை ஒட்டி நின்றாள்.

“ஆத்தங்கரையில நின்னு என் கையாலே அழிச்சிருக்கேன். அத்தனை ஆம்பளைங்க முன்னாடி நடந்து போயி, கைநாட்டு வச்சிட்டு வந்திருக்கேன். நீங்க இப்பப் போயி உசிரோட இருக்கேன்னு சொன்னா, நான் போனது எதுக்கு?”

அவன் நின்றான். நானும் நின்றேன். சமாதானமாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்; அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

“சட்டையைக் கழட்டுங்க” என்றாள்.

ஒவ்வொரு பொத்தானாக அவிழ்த்தான். சட்டையை அவளே வாங்கி ஆணியில் மாட்டினாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது நெற்றியில் குங்குமம் இருந்தது, வழக்கத்தைவிடப் பெரிதாக. இரண்டு தட்டில் மரவள்ளிக் கிழங்கு கொண்டு வந்து, ஒன்றை அவன் முன்னாலும் ஒன்றை என் முன்னாலும் வைத்தாள். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

உப்பில்லாத கிழங்கு. சாப்பிட்டோம். என்னை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். ஒரு தட்டு முழுக்க நான் வாய் பேசாமல் சாப்பிட்டேன்.

எழுந்து வாசலுக்கு வந்தேன். எனக்குப் பின்னால் கதவு சாத்தி, உள்ளே தாழ் விழுந்த சத்தம் கேட்டது. ஜப்பான் சண்டை முடிகிற வரைக்கும் தங்கவேலு அந்தத் தாழைத் தாண்டி வெளியே வரவில்லை.